4 டிபியிலிருந்து 8 டிபிக்கு: கும்பகோணத்து மாடி அறையில் ஒரு ரெய்டு பெட்டி

நாலு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாக வீடு முழுக்கக் கோப்பு கொடுக்கும் சேமிப்புப் பெட்டி. அமைப்பு ரெய்டு 5: ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு போகாது. முன்பு உள்ளே 4 டிபி டிஸ்க் நாலு இருந்தன. இப்போது 8 டிபி நாலு. குடும்பப் படங்களோடு கல்யாண வீடியோக்களும் சேரும் பெட்டி என்பதால் பழைய இடம் நிரம்ப அதிக நாள் ஆகவில்லை. 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். மூன்று கேமரா, முகூர்த்தமும் ரிசப்ஷனும் சேர்த்து ஆறு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 810 ஜிபி. தை மாதத்தில் பத்து முகூர்த்தம் வந்தாலே 8 டிபி போய்விடும்.

டிஸ்கை மாற்றி இரண்டு வருடம் ஓடியாயிற்று. இதைச் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் எந்த டிஸ்க், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். டெல்டாவில் அதைவிட முக்கியமான கேள்வி, எந்த மாதம், எந்த நேரம் என்பது. டிஸ்க் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்குப் பின் வரும் பத்து மணி நேரம் பெட்டி ஒற்றைக் காலில் நிற்கும். அந்தப் பத்து மணி நேரத்தில் கரண்ட்டும் சூடும் ஒத்துழைக்க வேண்டும்.

முதலில் கணக்கு. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்கின் அளவு பாரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்கின் தரவை ஈடுகட்ட உதவும் கணக்குக்குப் போகும். 4 டிபி நாலுக்கு 12 டிபி கிடைக்கும், பெட்டி அதை 10.9 என்று காட்டும். 8 டிபி நாலுக்கு 24, திரையில் 21.8. யாரும் திருடவில்லை, டிஸ்க் நிறுவனம் 1000-ஆகவும் பெட்டி 1024-ஆகவும் எண்ணும் வித்தியாசம்தான். சாதா ரெய்டு 5-இல் மூன்று டிஸ்கை மாற்றினாலும் இடம் ஒரு ஜிபிகூட ஏறாது, நாலாவதும் மாறினால்தான் கூடும். நாஸ் பெட்டி செய்யும் சினாலஜி நிறுவனத்தின் எஸ்எச்ஆர் அமைப்பில் மட்டும் இரண்டாவது பெரிய டிஸ்க் ஏறியதுமே 12 டிபி 16 ஆகும். மிச்ச 4 டிபி துண்டுகள் இரண்டையும் அது ஜோடியாகக் கட்டிக்கொள்ளும். கையில் காசு இரண்டு டிஸ்குக்கு மட்டும் இருந்தால் இது பெரிய உதவி.

அடுத்து, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். 8 டிபி டிஸ்க் போட்டால் 8 டிபியும் ரீபில்ட் ஆகும், அதாவது மற்ற டிஸ்குகளைப் படித்துப் புது டிஸ்கில் திரும்ப எழுதப்படும் என்று பயப்படுகிறார்கள். ஆகாது. பழைய அமைப்பு 4 டிபி அளவில்தான் இருக்கிறது, புது டிஸ்கிலும் முதல் 4 டிபி மட்டுமே எழுதப்படும். வேகத்தை நிர்ணயிப்பது புது டிஸ்கும் இல்லை. பக்கத்தில் இருக்கும் மூன்று பழைய டிஸ்குகள். விநாடிக்குச் சராசரி 120 எம்பி படித்தால் 4 டிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஆரம்பத்தில் 170, 180 என்று ஓடி, முடியப்போகும்போது 80, 90-க்கு இறங்கும். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப்போக வேகம் குறைவது டிஸ்கின் இயல்பு, பழுது இல்லை. நாலாவது டிஸ்க் முடிந்து அளவைக் கூட்டச் சொன்னதும் மிச்ச 4 டிபிக்குப் பாரிட்டி கணக்கிட இன்னொரு சுற்று ஓடும். ஆக நாலு ரீபில்ட், ஒரு விரிவாக்கம். ஐந்து ராத்திரி.

ராத்திரி என்று சும்மா சொல்லவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பிற்பகலிலோ சாயங்காலமோதான் முடியும். அந்தத் தேதியைச் செய்தித்தாளில் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும். இரவு எட்டரைக்கு டிஸ்க் மாற்றினால் விடிவதற்குள் முடிந்துவிடும், காற்றும் குளிர்ந்திருக்கும். மாதம் என்றால் மார்கழியின் பிற்பாதி. வடகிழக்குப் பருவமழையும் புயல் பயமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் பெட்டிக்கும் வேலை இருக்காது. தை பிறந்துவிட்டால் ஒரு பக்கம் முகூர்த்தம், இன்னொரு பக்கம் சம்பா அறுவடைத் தூசி. வயலை ஒட்டிய வீடுகளில் அறுவடை இயந்திரம் ஓடும் வாரத்தில் பெட்டியைத் திறக்கவே கூடாது.

டிஸ்க் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, தரவை எழுதும் முறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். சும்மா கோப்பு வைக்கும்போது தெரியாது. ரீபில்டில் மணிக்கணக்காக இடைவிடாமல் எழுதும்போது மூச்சு வாங்கும், சில சமயம் பெட்டியே அந்த டிஸ்கைச் செத்ததாக முடிவுகட்டி வெளியே தள்ளிவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான டிஸ்குகளில் எஸ்எம்ஆர் இருப்பதை ஒப்புக்கொண்டது. பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது. சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். பாரகுடாவின் 4, 8 டிபி எஸ்எம்ஆர். கடையில் "அண்ணே, இது சிஎம்ஆரா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஓடும் தம்பி" என்றுதான் பதில் வரும். மாடல் எண்ணை நிறுவனத்தின் பட்டியலில் நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

நாஸ் டிஸ்க்தான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் நாஸ் டிஸ்க் ஏழு விநாடி முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடும், ரெய்டு மற்ற டிஸ்குகளிலிருந்து அதை ஈடுகட்டிக்கொள்ளும். சாதா டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க் பழுது என்று எண்ணிவிடும்.

சீரியல் எண்ணைக் கொடுத்து இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் ஐரோப்பாவில், முன்பு ஓடிய சீகேட் டிஸ்குகள் ஓடிய மணிக் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது வெளியே வந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் பூஜ்ஜியம், ஃபார்ம் என்ற உள்பதிவில் ஆயிரக்கணக்கான மணி. சீகேட் டிஸ்கில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. நாலையும் ஒரே கடையில், ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்காமல் இரண்டு இரண்டாக வாங்குவது உத்தமம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஏசி பஸ்ஸில் கொண்டுவந்தால் வீட்டுக்கு வந்ததும் உறையைக் கிழிக்காமல் நாலைந்து மணி நேரம் வைக்க வேண்டும். குளிர்ந்த உலோகத்தின் மேல் டெல்டாக் காற்றின் ஈரம் வியர்வை மாதிரி படியும்.

வேலைக்கு முந்தைய வாரம்: 12 டிபி வெளி டிஸ்க் ஒன்றில் முழு பேக்கப். யூஎஸ்பி 3 வழியாக ஒரு முழு நாள் ஆகும். எடுத்ததோடு விடாமல் பத்துப் பதினைந்து பெரிய கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ரெய்டு பேக்கப் ஆகாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். டிஸ்க் மாற்றும் வாரத்தில் அது முழு ரெய்டுகூட இல்லை, பாதிப் பெட்டி என்பதே உண்மை. பிறகு பழைய டிஸ்க் நாலுக்கும் நீண்ட ஸ்மார்ட் சோதனை, அடுத்து ஒரு முழு ஸ்க்ரப், அதாவது எல்லா டிஸ்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்ப்பது. பதுங்கியிருக்கும் கெட்ட செக்டர் வெளியே வர வேண்டியது இப்போது. ரீபில்ட் பாதியில் வந்தால் ஈடுகட்ட ஆள் இல்லை. புது டிஸ்குகளையும் கணினியில் மாட்டி நீண்ட சோதனை செய்துவிட வேண்டும், 8 டிபிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஸ்மார்டில் நாலு எண் பார்த்தால் போதும்: 5, 197, 198, 199. முதல் மூன்றும் தட்டில் கோளாறு. 199 மட்டும் பெரும்பாலும் கேபிளோ இணைப்போ. அது ஏறுவதைப் பார்த்து நல்ல டிஸ்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் மங்கிப்போகும். பெட்டியை அணைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, திரும்பச் செருகினால் எண் அதோடு நின்றுவிடும்.

மாற்றும் ராத்திரி இப்படி. ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை எழுதி ஒட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் மென்பொருள் சொல்லும் 'டிஸ்க் 1' இடதா வலதா என்ற குழப்பத்தில் தவறான டிஸ்கை உருவியவர்கள் அநேகம். எண்கள் மோசமாக இருக்கும் டிஸ்க்தான் முதலில் போக வேண்டும். மென்பொருளில் அதை விலக்கி, உருவி, அரை நிமிடம் கையில் அசைக்காமல் பிடித்திருந்தால் தட்டு சுற்றி அடங்குவது உள்ளங்கையில் தெரியும். அதன் பிறகே கீழே வைக்கலாம். புது டிஸ்கைத் திருகும்போது ஒரு சிக்கல் வரலாம்: 6 டிபிக்கு மேற்பட்ட பல டிஸ்குகளில் நடு ஓட்டைகளின் இடம் மாறியிருக்கிறது, பழைய ட்ரேயில் இரண்டு திருகு மட்டுமே பொருந்தும். தளர்வாக விட்டால் அதிர்வு சத்தமாகக் கேட்கும். ரப்பர் வாஷர் போதும். காசை மிச்சம் பிடிக்க வெளி டிஸ்கை உடைத்து எடுத்த வெள்ளை லேபிள் டிஸ்க் சிலவற்றில் 3.3 வோல்ட் முனையால் டிஸ்க் சுற்றவே சுற்றாது. மூன்றாவது முனையைக் காப்டன் என்ற மின்காப்பு டேப்பால் மறைத்தால் ஓடும். ஆனால் உடைத்த டிஸ்குக்கு வாரண்டி கேட்டு அலைய வேண்டியிருக்கும், வீட்டுப் பெட்டிக்கு அந்த மிச்சம் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

ரீபில்ட் நேரத்தில் படம் ஏற்றுவது, டிவியில் படம் பார்ப்பது இரண்டும் வேண்டாம். லினக்ஸின் ரீபில்ட் அடிப்படை வேகம் விநாடிக்கு வெறும் 1000 கேபி. வேறு வேலை வந்ததும் அங்கேவரை ஒதுங்கிக்கொடுக்கும், ஒன்பது மணி நேரம் இருபது ஆகும். உருவிய பழைய டிஸ்கை ஐந்து ராத்திரியும் முடியும்வரை அழிக்கக் கூடாது. திருப்பிச் செருகினால் அப்படியே ஓடும் என்று நம்பவும் கூடாது. அது வெளியே வந்த பிறகு பெட்டியில் எழுதிய ஒவ்வொரு கோப்பும் அதற்குத் தெரியாத சமாச்சாரம்.

யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். நாலு டிஸ்க் பெட்டி 35 வாட் அளவு இழுக்கும். 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி, காகிதக் கணக்கில் 84 வாட் மணி. புதிதில் முக்கால் மணி நேரம் தாங்கும், இரண்டு கோடை போனால் பாதி. வாங்கும்போது யூஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதாகப் பார்க்க வேண்டும். மலிவான பலவற்றில் அது இல்லை. கரண்ட் போனது பெட்டிக்குத் தெரியாவிட்டால் பேட்டரி தீரும்போது பொத்தென்று விழும். ஒழுங்காக அணைந்தால் ரீபில்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் பின்னால் யூபிஎஸ் மாட்டினால் இன்வெர்ட்டர் சைன் வேவாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் யூபிஎஸ் அதைக் கரண்ட்டாகவே மதிக்காமல் டிக் டிக் என்று பேட்டரியிலேயே நிற்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களை நினைத்தால் யூபிஎஸ்ஸின் வேலை பெட்டியை ஓட்டுவது அல்ல, மரியாதையாக அணைப்பது மட்டும் என்று புரியும்.

இரண்டு வருடத்தில் கண்டது: டிஸ்க் எதுவும் சாகவில்லை. மார்கழியில் 36, 37 டிகிரியில் இருப்பவை அக்னி நட்சத்திரப் பகலில் 49, 50 வரை ஏறுகின்றன. நடு ட்ரே இரண்டும் ஓரத்து ட்ரேக்களைவிட எப்போதும் இரண்டு மூன்று டிகிரி அதிகம். நிறுவன வரம்பு 60-க்கு மேல் என்றாலும் அந்த மூன்று வாரமும் ஸ்க்ரப்பை ராத்திரிக்கு மாற்றிவிடுகிறோம். வெள்ள பயத்துக்கு மாடி நல்லது, மொட்டை மாடிச் சூட்டுக்குக் கீழ்த்தளம் நல்லது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பின் விசிறிக்குள் பல்லிக்குட்டி ஒன்று சிக்கி விசிறி நின்றது ஒரு முறை. கொசுவலை கட்டினால் பல்லி வராது, ஆனால் சூடு நாலு டிகிரி ஏறும். அரிசி சலிக்கும் அளவு கண்ணுள்ள கம்பிவலை சரியாக இருக்கிறது, மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

பழைய 4 டிபி நாலில் இரண்டு, முடிந்துபோன கல்யாணங்களின் இரண்டாம் பிரதியோடு தஞ்சாவூரில் உறவினர் வீட்டு பீரோவில், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சுற்றவிட்டுப் பார்க்கிறோம். 197 பூஜ்ஜியத்தைத் தாண்டிய மூன்றாவது டிஸ்க் காயலான் கடைக்குப் போகும் முன் தட்டில் துளை போட்டாயிற்று. நாலாவது மேசையில் சும்மா கிடக்கிறது.