28 பழைய கோரா, 16 புதிய கோரா?

பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எச்டாப் திரையில் 56 கோடுகள். அதில் ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் நிற்கிறது, மீதி 55-ம் சும்மா கிடக்கின்றன. ராத்திரி அறிக்கைக்கான ஒரு பெரிய டேட்டாபேஸ் வினவல் அந்த ஒற்றைக் கோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்டெல்லின் சர்வர் பிராசஸரான ஜியான் ஈ5-2680 வி4 இரண்டைப் போட்ட சர்வர் அது: மொத்தம் 28 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), கோருக்கு இரண்டு த்ரெட் (வேலை ஓடும் வரிசை), த்ரெட்டுக்கு ஒரு கோடு. கோர் எண்ணிக்கையை வைத்து பிராசஸர் வாங்கும் பழக்கத்தை நான் விட்டது அந்தத் திரையைப் பார்த்த பிறகுதான்.

இந்த 2680 வி4 இன்டெல் 2016-ல் விட்டது. 14 கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது ஏறும் உச்ச வேகம்) 3.3, ஒன்றுக்கு 120 வாட். இப்போது கழித்துக்கட்டிய சர்வர்களிலிருந்து கொத்துக்கொத்தாகக் கிடைப்பதால் பலருக்கும் ஆசை வரும். அதற்கு எதிரே ஏஎம்டியின் எபிக் 4564பி-யை வைக்கிறேன். 2024-ல் வந்தது. 16 கோர், அடிப்படை 4.5 கிகாஹெர்ட்ஸ், உச்சத்தில் 5.7, 170 வாட்.

முதலில் ஒரு முரட்டுக் கணக்கு. பழைய ஜோடிக்கு 28 கோரை 2.4-ஆல் பெருக்கினால் 67.2. புதியதற்கு 16-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 72. அதாவது அடிப்படை வேகத்திலேயே 16 கோர், 28 கோரைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு கிளாக்கிலும் புதியதின் ஜென் 4 கோர் முடிக்கும் வேலை பழையதின் பிராட்வெல் கோரைவிட நன்றாகவே அதிகம். அது இந்தப் பெருக்கலில் வரவே இல்லை. ஒற்றை த்ரெட்டில் ஓடும் வேலை என்றால் போட்டியே கிடையாது: 3.3 எங்கே, 5.7 எங்கே. சாதாரண ஜிசிப் சுருக்கம், பழைய பாணி ஸ்கிரிப்ட், உடைத்துப் பிரிக்க முடியாத வினவல் எல்லாம் இந்த வகை.

அப்புறம் ஏன் பழையதைப் பற்றிப் பேசவேண்டும்? மெமரிக்காக.

2680 வி4-க்கு நான்கு மெமரி சேனல் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை), டிடிஆர்4-2400 ரேம். ஒரு சாக்கெட்டுக்கு (ஒரு பிராசஸர் உட்காரும் இடம்) நொடிக்கு 76.8 ஜிபி, இரண்டும் சேர்ந்து 153.6. புதிய 4564பி-க்கு டிடிஆர்5-5200, ஆனால் சேனல் இரண்டே இரண்டு. மொத்தம் 83.2 ஜிபி. எட்டு வருடம் மூத்த ஜோடி இங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொள்ளளவும் அப்படித்தான்: புதியது 192 ஜிபி-யோடு நின்றுவிடும், பழைய போர்டில் ஒரு டெராபைட்டுக்கு மேலேயே ஏற்றலாம். கார்டுகளை இணைக்கும் பிசிஐஇ லேன்கள் பழையதில் 80, புதியதில் 28. புதிய லேன் ஐந்தாம் தலைமுறை, ஒவ்வொன்றும் நான்கு மடங்கு வேகம், சரிதான். ஆனால் நான்கைந்து கார்டு செருக வேண்டியவருக்கு லேனின் வேகத்தைவிட அதன் எண்ணிக்கைதான் முக்கியம்.

153.6 என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நியூமாசிடிஎல் கட்டளையில் ஹார்டுவேர் விவரம் கேட்டால், இப்படிப்பட்ட இரட்டை சாக்கெட் மெஷின்களில் தூரப் பட்டியல் 10, 21 என்று வரும். தன் பக்கத்து ரேம் 10, அடுத்த சாக்கெட்டின் ரேம் 21. ஒரு விர்ச்சுவல் மெஷினின் மெமரி பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று சிதறினால், காரணமே தெரியாமல் ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மந்தமாகவும் ஓடும். இதைத் துரத்திக்கொண்டு நான் செலவழித்த சனிக்கிழமைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒற்றை சாக்கெட்டில் இந்தத் தலைவலி பெருமளவு இல்லை.

பிராசஸர் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை அடித்துப் பார்த்தால் இன்னொரு வித்தியாசம் தெரியும். பழையதில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டையின் வரிக்கு நேரே 'மிட்டிகேஷன்: பிடிஐ' என்று இருக்கும், எபிக்கில் 'நாட் அஃபெக்டட்'. 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஓட்டை அது. அதை அடைக்கும் வழிதான் பிடிஐ: புரோகிராம் ஒவ்வொரு முறை கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போகும்போதும் வரும்போதும் பேஜ் டேபிளை (மெமரி முகவரி அட்டவணை) மாற்றவேண்டியிருக்கிறது. வீடியோ மாற்றும் வேலையில் இது உறைக்காது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படிப்பும் எழுத்தும் நடக்கும் டேட்டாபேஸில் உறைக்கும்.

வி4-க்கும் முந்தைய ஈ5 முதல் தலைமுறை, வி2 இரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். அவற்றில் ஏவிஎக்ஸ்2 (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வசதி) கிடையாது. 2025-ல் வந்த ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 அந்த வசதி இல்லாத பிராசஸரை ஏற்காது. வி3, வி4 இரண்டும் தப்பித்துவிட்டன.

கோர் கணக்கில் லைசென்ஸ் கட்டுகிறவர்கள் மேலே சொன்ன மெமரி பெருமையை எல்லாம் மறந்துவிடலாம். விண்டோஸ் சர்வர் 2016-லிருந்து கோர் கணக்குதான், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16. புதியது அந்தக் குறைந்தபட்சத்தில் கச்சிதமாக உட்காருகிறது; பழையதற்கு 28-க்கும் கட்டவேண்டும். ஆரக்கிள் எண்டர்பிரைஸ் எடிஷனில் இந்த ரக பிராசஸருக்கு ஒரு கோர் அரை லைசென்ஸ் என்று கணக்கு: 14-க்கு எதிராக 8. மெதுவான கோருக்கு வேகமான கோரின் விலையையே கட்டுவது எனக்குப் புரியாத தர்மம். இங்கே பழைய பிராசஸர் சும்மா கிடைத்தாலும் நஷ்டம்தான்.

மின்சாரத்துக்கு டிடிபி எண்ணை (பிராசஸருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வாட்) பார்க்காதீர்கள், பிளக் பக்கம் ஒரு மீட்டரைப் போடுங்கள். பெரும்பாலான சர்வர்கள் நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கின்றன. இரண்டு சாக்கெட், பதினாறு ரேம் ஸ்டிக், அரைமணிக்கு ஒருமுறை விமானம் கிளப்பும் ஃபேன்கள் எல்லாம் அப்போதும் குடித்துக்கொண்டே இருக்கும். சராசரியாக 150 வாட் வித்தியாசம் வந்தால் வருடத்துக்கு 1314 யூனிட். நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு இது பெரிய எண். வாரம் ஒருமுறை எழுப்பி பேக்கப் எடுத்துவிட்டுத் தூங்கவைக்கும் மெஷினுக்கு ஒன்றுமே இல்லை. வி4-ஐ நான் இன்னும் வைத்திருப்பது அந்த வேலைக்குத்தான்.

மேல்தட்டு ராட்சசர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் வந்த எபிக் 9654-ல் 96 கோர், டிடிஆர்5-4800-ல் 12 சேனல், மொத்தம் 460.8 ஜிபி. பிரமிப்பாகத்தான் இருக்கிறது. கோருக்கு வகுத்தால் 4.8. பழைய வி4-க்கு அதே கணக்கு 5.5! பத்துப் பெட்டியை ஒன்றாக்க அது நல்லது. ஆனால் மெமரிக்காகக் காத்துக்கிடக்கும் வேலைக்கு அதே வரிசையின் 32 கோர் 9354-ஐத்தான் எடுப்பேன். அதில் கோருக்கு 14.4 வருகிறது.

என் பணத்தில் வாங்குவதென்றால் இந்த இரண்டு முனையையும் விட்டுவிட்டு நடுவில் போவேன். 2019-ல் வந்த எபிக் ரோம் வரிசையில் 7402பி, இப்போது பழையதாகவே கிடைக்கிறது. 24 கோர், ஒரே சாக்கெட், 180 வாட், 128 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி; வி4-ல் 35), நான்காம் தலைமுறை பிசிஐஇ 128 லேன், எட்டு மெமரி சேனல். அதைவிட முக்கியம், வி4 சர்வரில் இருந்த டிடிஆர்4 ரெஜிஸ்டர்டு (சர்வர் ரக) ரேமைக் கழற்றி இதில் போடலாம். 2400 வேகத்திலேயே ஓடினாலும் எட்டு சேனலுக்கு 153.6 ஜிபி, பழைய இரட்டை சாக்கெட்டின் அதே எண், இப்போது ஒரே சாக்கெட்டுக்குள். டிடிஆர்5 கேட்கும் புதிய போர்டில் அந்த ரேம் எல்லாம் காட்சிப்பொருள்.

ரோமிலும் குறை உண்டு. நடுவில் இருக்கும் ஐஓ டை (மெமரி, பிசிஐஇ இணைப்புகளைக் கவனிக்கும் சில்லு) சும்மா இருக்கும்போதும் அடங்காது, அதனால் ஐடில் வாட் எதிர்பார்ப்பதைவிட அதிகம். 2023 ஜூலையில் ஜென்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது ரோமின் இந்த ஜென் 2 கோர்களில்தான். மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் அடிமட்ட நிரல்) புதுப்பிக்காமல் ஓட்டக் கூடாது.

பழைய எபிக் வாங்கும்போது விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அது எந்த போர்டிலிருந்து கழற்றியது என்பது. சில சர்வர் தயாரிப்பாளர்கள் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட்டை இயக்கி அனுப்புகிறார்கள். அந்த போர்டில் ஒருமுறை பூட் ஆனால் பிராசஸருக்குள் ஃபியூஸ் எரிந்து, அந்தத் தயாரிப்பாளரின் போர்டுக்கு மட்டுமே சொந்தமாகிவிடும். திருப்ப வழியில்லை. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், உங்கள் போர்டில் திரையே வராது. பதில் இழுத்தால், 'பூட்டு இல்லை, வேறு போர்டில் ஓடவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்கிய பிறகே பணத்தை நீட்டுங்கள்.