அறுகம்பை அலைக்கு எந்த முன்னறிவிப்பை நம்புவது?

ஓர் இணையத்தளம் பத்துக்கு மூன்று நட்சத்திரம் என்கிறது. இன்னொன்று ஒரு நிறத்தைக் காட்டிப் ‘பரவாயில்லை’ என்கிறது. மூன்றாவது எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் 1.6 மீற்றர் என்று மட்டும் போட்டிருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களமோ, அம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவில் வரையான கடற்பரப்பு இடைக்கிடையே கொந்தளிப்பாக இருக்கும் என்று எச்சரிக்கிறது. நான்கும் பேசுவது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஒரே குடாவின் ஒரே காலைப்பொழுதைப் பற்றித்தான். பருவகாலத்தில் அறுகம்பைக்கு அலைச்சறுக்குப் பலகையோடு போகிறவர்களும், அங்கே பலகை வாடகைக்கு விடுகிறவர்களும், அங்குள்ள உல்லைக் கரையிலிருந்து படகு இறக்குகிறவர்களும் அன்றாடம் எதிர்கொள்ளும் குழப்பம் இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுகம்பைக்கு நட்சத்திரத்தையும் நிறத்தையும் நம்பிப் பயணப்படாதீர்கள். அலையின் உயரம், இரண்டு அலைகளுக்கு நடுவேயுள்ள செக்கன் கணக்கு, வரும் திசை ஆகிய மூன்றையும் பாருங்கள். காற்றைத் தனியாகப் பாருங்கள். இந்த நான்கையும் ஒரே இடத்தில் சரியாகத் தரும் முன்னறிவிப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்பதற்கு அந்தக் கரையின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசி முதல் ஒக்டோபர் வரை அறுகம்பையில் உடையும் அலை அங்கே பிறந்ததல்ல. தெற்கே 40, 50 பாகை அகலக்கோடுகளில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று அதைக் கிளப்பிவிடுகிறது. அப்படித் தொலைவிலிருந்து உருண்டுவரும் அலையைத்தான் சறுக்குகிறவர்கள் ஸ்வெல் என்கிறார்கள். 15 செக்கன் இடைவெளியுள்ள ஸ்வெல் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். 5,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்தைக் கடந்து பொத்துவிலுக்கு வர ஐந்து, ஆறு நாட்கள் பிடிக்கும். ஆகவே புதன்கிழமைக்கான பெரிய அலையை முந்தின வெள்ளிக்கிழமையே எல்லாத் தளங்களும் ஒரே குரலில் சொல்வதில் வியப்பில்லை. அலை அப்போதே கிளம்பிவிட்டது. செயற்கைக்கோள்கள் அதன் உயரத்தை நடுக்கடலில் அளந்துகொண்டிருக்கின்றன.

கருத்து வேறுபாடு தொடங்குவது அலை கரையை நெருங்கும்போதுதான்.

அறுகம்பையின் பேர்போன முனைகள் எல்லாம் வலப்பக்கமாக உடைபவை. வடக்கே பொத்துவில் பொயின்ட், விஸ்கி பொயின்ட். நடுவில் மெயின் பொயின்ட். அதற்கு உள்ளே பழகுகிறவர்களுக்கான பேபி பொயின்ட். தெற்கே பீநட் ஃபார்ம். பாணமையைத் தாண்டிப் போனால் உகந்தை. எல்லாவற்றிலும் அலை தெற்கிலிருந்து வந்து முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் நுழைகிறது. நேர் தெற்கிலிருந்து, அதாவது 180 பாகையிலிருந்து வரும் அலைக்கு வழி திறந்திருக்கிறது. 200 பாகையைத் தாண்டித் தென்மேற்குப் பக்கம் சாயச் சாய, குமணக் கரையும் அதற்கப்பால் யாலக் கரையும் குறுக்கே வந்துவிடுகின்றன. அப்போது அலை வளைந்துதான் வந்து சேர வேண்டும். வளைய வளையச் சக்தி போய்விடும்.

இப்போது இரண்டு காலைப்பொழுதுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாவதில் 1.4 மீற்றர், 16 செக்கன், 175 பாகை. இரண்டாவதில் 1.8 மீற்றர், 9 செக்கன், 205 பாகை. அலை கரைக்கு ஆற்றலைக் கொண்டுவரும் வேகம் உயரத்தின் வர்க்கத்தையும் செக்கனையும் பெருக்கிய அளவில் போகும். முதலாவதற்கு 31 சொச்சம், இரண்டாவதற்கு 29 சொச்சம், ஏறக்குறைய சமம். உயரத்தை மட்டும் பார்க்கிறவர் இரண்டாவது நாளைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் 16 செக்கன் அலையின் நீளம் ஆழ்கடலில் 400 மீற்றரளவு. அது 200 மீற்றர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கி, அடித்தளத்தின் சரிவுக்கு ஏற்ப வளைந்து, மெயின் பொயின்டின் பாறைத்தட்டைச் சுற்றி ஒழுங்காக வரிசை கட்டி நுழையும். கரையை நெருங்க நெருங்க உயர்ந்தும் எழும். 9 செக்கன் அலையின் நீளம் 130 மீற்றர்கூட இல்லை. அது வளையத் தெரியாமல் குடா வாயைத் தாண்டி வடக்கே போய்விடும். முதல் நாள் மெயின் பொயின்டில் தலைக்கு மேல் சுவர் எழும்பக்கூடும். இரண்டாம் நாள் அதே இடத்தில் இடுப்பளவு அலைக்குக் காத்திருக்க நேரும்.

தளங்களை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் உரைகல் இந்தச் சோதனைதான்.

சேர்ஃப்லைன் இதில் முன்னால் நிற்கிறது. 1985இல் அமெரிக்காவில் தொலைபேசியில் அலைச் செய்தி சொல்லும் சேவையாகத் தொடங்கிய நிறுவனம் அது. பல ஆண்டுகளாக அறுகம்பைக்கு வந்தவர்கள் பெரிதும் பார்த்தது பிரித்தானியாவின் மஜிக்சீவீட் தளத்தை. அதை 2017இல் சேர்ஃப்லைன் வாங்கியது. 2023 மே மாதத்தில் மூடித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பழைய தளத்தின் எளிமைக்கு ஏங்குகிறவர்கள் இன்னும் உண்டு. ஆனாலும் கடலில் ஓடும் ஸ்வெல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் செக்கனையும் திசையையும் சேர்ஃப்லைன் தருகிறது. கரையில் அலை எவ்வளவு எழும் என்பதை வேறாகக் கணித்தும் சொல்கிறது. இந்தப் பிரிப்பு மிக முக்கியம். தெற்கிலிருந்து 16 செக்கன் அலையும், உள்ளூர்க் காற்று கிளப்பிய 6 செக்கன் சலசலப்பும் ஒரே நேரத்தில் ஓடும் கடலில், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் யாருக்கும் பயனில்லை. குறை என்னவென்றால், நீண்ட நாட்களுக்கான கணிப்பு பணம் கட்டியவர்களுக்குத்தான். மதிப்பீட்டு நிறத்தை நான் பார்ப்பதே இல்லை. பேபி பொயின்டில் முதல் முறை பலகையில் எழுந்து நிற்கப் பழகும் பிள்ளைக்கும் பொத்துவில் பொயின்டில் நீண்ட ஓட்டம் தேடி வருகிறவருக்கும் ஒரே நிறம் பொருந்தாது.

சேர்ஃப்-ஃபோர்காஸ்ட் தளத்தின் வலிமை வேறு. ஒவ்வொரு முனைக்கும் அலையின் ஆற்றலைக் கிலோஜூலில் தருகிறது. உயரத்தை மட்டும் நம்பி ஏமாறாமல் இருக்க நல்ல வழி அது. காற்று கடலிலிருந்து அடிக்கிறதா, தரையிலிருந்து அடிக்கிறதா, குறுக்கே அடிக்கிறதா என்பதையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறது. ஆனால் நான் மேலே சொன்ன சோதனைக்குக் கிலோஜூல் மட்டும் போதாது. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அது சொல்லாது. திசையையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கே அந்த எண் உதவும். இலவசப் பக்கத்தில் ஒரு நாள் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று துண்டாக மட்டுமே பிரிக்கப்பட்டிருப்பது அறுகம்பையில் பெரிய குறை. அங்கே காலை 7 மணியும் 11 மணியும் வெவ்வேறு கடல்கள்.

காற்றைப் பற்றிய இந்தப் பேச்சுக்குத்தான் நிறைய இடம் கொடுக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய்க் கிழக்கே இறங்கும்போது அது கச்சான். பயிரை வாட்டும் அந்தக் காற்று அலைக்கு நல்லது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசி, எழும் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து வழவழப்பாக்கிவிடும். விடியலில் தரைக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். வெயில் ஏறியதும் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து உள்ளே நுழையும். அலையின் முகம் சுருங்கிக் கலையத் தொடங்கும். கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று பிற்பகல் வரை தலைகாட்டாது. கச்சான் சோர்ந்த நாளில் பத்து மணிக்கே வந்துவிடும். ஒரு நாளின் தலையெழுத்து இந்த இழுபறியில் இருக்கிறது.

இதைக் கணினி மாதிரிகள் எவ்வளவு பிடிக்கின்றன? உலகளாவிய மாதிரிகளில் முன்னணியில் உள்ள ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு நடுவத்தின் மாதிரி கூடப் பூமியை 9 கிலோமீற்றர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரிக்கு அது 13 கிலோமீற்றர். மெயின் பொயின்ட், உல்லைக் கரை, பின்னாலுள்ள களப்பு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். முனையின் மறைவில் காற்று தணிவதும், களப்பின் மேலாகக் காலையில் மெல்லிய காற்று இறங்குவதும் அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

அதனால் காற்றுக்கு நான் ஒரே மாதிரியை நம்புவதில்லை; வின்டி தளத்தில் மாதிரிகளை ஒப்பிடும் பக்கத்தைத் திறக்கிறேன். ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி, ஜெர்மானிய ஐகான் மாதிரி எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மூன்றும் மேற்குக் காற்று என்றால் கச்சான் உறுதி, நிதானமாகக் கிளம்பலாம். ஒன்று மேற்கு, இன்னொன்று தெற்கு, வேகமும் குறைவு என்றால் அன்று கடற்காற்று முந்திக்கொள்ளும் என்று பொருள். விடியுமுன் தண்ணீரில் இருக்க வேண்டும். மாதிரிகள் முரண்படுவதே இங்கு ஒரு செய்தி. அதை மறைக்காமல் காட்டுவதற்காகவே வின்டியை மதிக்கிறேன். ஆனால் அதன் அலை எண் திறந்த கடலுக்கானது. அதை மெயின் பொயின்டின் உயரம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

வின்ட்குரு தளமும் வின்டியைப் போலவே செக் நாட்டில் பிறந்தது. வண்ணப் படத்தைவிட அட்டவணைதான் அதன் முகம். காற்றின் வேகம், திடீர் வீச்சு, அலை, செக்கன், திசை எல்லாம் ஒரு பார்வையில் அடங்கும். இணைப்பு நலிந்த இடத்திலும் திறந்துகொள்ளும். பார்வைக்கு இனிமை இல்லாவிட்டாலும், பழகியவர் கைவிடமாட்டார்.

எந்தத் தளமாக இருந்தாலும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவை சொல்லும் உயரம் அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரி. 1.5 மீற்றர் என்று போட்டிருக்கும் நாளில் அவ்வப்போது அதன் இரு மடங்கை நெருங்கும் அலையும் வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கக் கூடாது என்பது இதனால்தான். வற்று, பெருக்கு பற்றி இங்கு அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இலங்கைக் கரையில் அந்த ஏற்றத்தாழ்வு ஒரு மீற்றரை எட்டாது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை இவற்றோடு சேர்த்து ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பிடத்தான் வேண்டும் என்பேன். சறுக்க நல்ல நாளா என்று அது சொல்லாது. அது அதன் வேலையும் அல்ல. ஆனால் கடற்பரப்புகளைப் பிரித்து, காற்று எத்தனை கிலோமீற்றர் வரை உயரலாம், கடல் கொந்தளிக்குமா, மீனவர் இறங்கலாமா என்று தமிழிலேயே சொல்வது நான் இங்கு ஒப்பிட்டவற்றில் அது ஒன்றுதான். பலகையோடு இறங்குகிறவர் தவறினால் கரை பக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் படகில் போனவருக்கு அப்படியல்ல. கச்சான் அலையின் முகத்தை அழகாக்கும் அதே நாளில், நின்றுபோன படகைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போவதும் அதே காற்றுத்தான். சேர்ஃப்லைனில் நல்ல நாள் என்று வருவதும் திணைக்களத்தில் எச்சரிக்கை வருவதும் முரண் அல்ல. இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்க முடியும்.

செக்கன் கணக்கு சறுக்குகிறவர்களின் ஆடம்பரம் என்று யாரும் நினைக்கக் கூடாது. தெற்கிலிருந்து வரும் இதே நீண்ட அலைதான் கேரளத்திலும் தென் தமிழகத்திலும் கள்ளக்கடல் என்ற பெயரில் கரையேறுகிறது. உள்ளூரில் காற்றே இராது, வானம் தெளிந்திருக்கும், கடல் திடீரென்று உள்ளே வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தபோது, ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தது. செய்தி இருந்தது. ஆனாலும் உயிர்கள் போயின.

ஆகவே என் வரிசை இது. ஐந்து நாளுக்கு முன் ஸ்வெல் கிளம்பியிருக்கிறதா என்று சேர்ஃப்லைன். 13 செக்கனுக்கு மேல், 190 பாகைக்கு உள்ளே என்றால் பயணத்தைத் திட்டமிடலாம். முந்தின நாள் இரவு காற்றுக்கு வின்டியின் ஒப்பீட்டுப் பக்கம். இறங்குமுன் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிக்கை. பணம் கட்ட விரும்பாதவர் சேர்ஃப்லைனுக்குப் பதில் வின்ட்குருவை வைத்துக்கொள்ளலாம், இழப்பு பெரிதல்ல. நவம்பரிலிருந்து வாடைக்காற்றும் மழையும் வந்து கிழக்குக் கரையைக் குழப்பிவிடும். சறுக்குகிறவர்கள் வெலிகமைக்கும் இக்கடுவைக்கும் மாறிவிடுவார்கள். அங்கே இந்தத் திசைக் கணக்கு செல்லாது, வேறு கரை, வேறு கணக்கு.

திணைக்களத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அம்பாந்தோட்டை முதல் பொத்துவில் வரையான கடற்பரப்புக்கான அன்றாடத் தமிழ் அறிக்கையில், காற்றின் வேகத்தோடு அலை எத்தனை செக்கன், எந்தத் திசை என்று ஒரு வரி சேர்க்கட்டும். உல்லையில் வெளிநாட்டவருக்குப் பலகை கற்றுக்கொடுக்கும் இளைஞர்கள் அந்த எண்களை ஆங்கிலத் தளங்களில் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களின் தந்தையர் படகு இறக்கும் கரைக்கும் அதே எண்கள் தேவை.