ஃபுளோரிடாவில் கூரை பார்க்க வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடும் முன்

ஃபுளோரிடாவில் வீடு வைத்திருப்பவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பாலிசி 2023 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கப்பட்டதாக இருந்தால், சேதத்துக்கு வரவேண்டிய இன்ஷூரன்ஸ் பணத்தின் உரிமையைக் காண்ட்ராக்டருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. 'அசைன்மென்ட் ஆஃப் பெனிஃபிட்ஸ்' என்ற அந்த ஏற்பாட்டுக்கு 2022 டிசம்பர் சிறப்புக் கூட்டத்தொடரிலேயே மாநிலச் சட்டமன்றம் மூடுவிழா நடத்திவிட்டது. ஆனால் அதே பத்திரத்தோடு ஆட்கள் இன்னும் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். என் வீட்டுக்கும் வந்தார்கள்.

2024 அக்டோபர் 9 இரவு மில்ட்டன் சூறாவளி சியஸ்டா கீ அருகே கரையைக் கடந்தது. டாம்பாவுக்கு வடக்கே உள்ள எங்கள் வீட்டில் ஒரு பக்கம் கூரை மீதிருந்த ஷிங்கிள் தகடுகள் பெயர்ந்து, படுக்கையறை சீலிங் வழியாகத் தண்ணீர் இறங்கியது. கொஞ்ச நாளில் ஒரு கூரை நிறுவனத்தின் ஆள் கதவைத் தட்டினார். ஏறிப் பார்த்தார், படம் எடுத்தார், முழுக் கூரையையும் மாற்ற வேண்டும், உங்களுக்குக் காலணா செலவில்லை, டிடக்டிபிளையும், அதாவது இன்ஷூரன்ஸ் தருவதற்கு முன் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய பங்கையும், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார். (டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகக் காண்ட்ராக்டர் சொல்வதே இங்கே சட்டவிரோதம்.) தார்பாய் போட அனுமதி என்று சொல்லி டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார். பிறகு மின்னஞ்சலில் வந்த பிரதியில் தார்பாய் பற்றி ஒரே ஒரு வரி. மீதி எல்லாம் கிளைம் உரிமை பற்றியது.

கேட்ட கேள்விக்கெல்லாம் தயாராகப் பதில் வைத்திருந்தார். கிளைம் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தால் எங்கள் வக்கீல் வழக்குப் போடுவார், அவருக்கான ஃபீஸைக் கம்பெனியே கட்டும். விஷமம் எங்கே என்றால், இவை எல்லாமே ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை. அந்த இரண்டு வருடம் 2021 சட்டத்தில் இருந்தது. 2022 டிசம்பர் சட்டம் அதை ஒரு வருடமாக்கிவிட்டது. ஏற்கெனவே போட்ட கிளைமில் கூடுதல் சேதம் சேர்க்க 18 மாதம். வீட்டுக்காரர் ஜெயித்தால் கம்பெனியே வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தோடு போய்விட்டது.

பல மாதம் கழித்து, கூரை நிறுவனத்திடம் 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்ற பதிலையே கேட்டுச் சலித்து, நானே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். மில்ட்டனுக்காக என் பெயரில் கிளைம் எதுவும் பதிவாகவே இல்லை! ஒரு வருடக் கெடு முடிவதற்குள் விஷயம் தெரிந்தது, அதுவரை சரி. உடனே நானே பதிவு செய்தேன்.

அப்புறம் கம்பெனியின் ஆட்டம். கிளைமுக்குக் கம்பெனி முடிவு சொல்ல வேண்டிய பழைய 90 நாள் கெடு இப்போது 60 நாள் என்பதால் பதில் என்னவோ சீக்கிரம் வந்தது. கூரைக்கு ஒரு தொகை உண்டு, சீலிங்குக்கு இல்லை. தாமதமாகத் தெரிவித்ததால் பூஞ்சை பரவிவிட்டதாம். கூரைத் தொகையிலும் சூறாவளி டிடக்டிபிள் பெரிய துண்டைக் கடித்துவிட்டது. என் பாலிசியில் இது 2 சதவீதம்; சேதத்தின் மீது கணக்கிடப்படுவது அல்ல, வீட்டுக்கு எழுதியிருக்கும் காப்பீட்டுத் தொகையின் மீது. 4 லட்சம் டாலர் என்றால் முதல் 8,000 உங்கள் தலையில். ஆனால் ஒரே கம்பெனியிடம் ஒரு காலண்டர் வருடத்துக்கு அது ஒருமுறைதான். மில்ட்டனுக்கு இரண்டே வாரம் முன்பு ஹெலீன் சூறாவளி வந்ததே, அப்படிப்பட்ட வருடத்தில் சின்னச் சேதத்தையும் தெரிவித்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்; அதுவும் இந்த டிடக்டிபிள் கணக்கில் சேரும்.

சீலிங்குக்காக ஒரு வக்கீலிடம் போனேன். உங்கள் கைப்பணத்தில்தான் எனக்கு ஃபீஸ், இந்தத் தொகைக்கு வழக்கு கட்டுப்படியாகாது என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். 2019-ல் நாட்டின் வீட்டுக் காப்பீட்டுக் கிளைம்களில் சுமார் 8 சதவீதம்தான் ஃபுளோரிடாவில். வழக்குகளிலோ சுமார் 76 சதவீதம் என்று மாநிலக் காப்பீட்டு ஒழுங்குமுறை அலுவலகமே சொன்னது. அந்தக் கூத்தை நிறுத்த வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏய்த்த காண்ட்ராக்டர்களை அடக்கப் போட்ட பூட்டு, நியாயமாகக் கேட்கிறவன் வாயிலும் விழுந்திருக்கிறது. என் பிரீமியம் இறங்கவும் இல்லை.

கூரை நிறுவனத்தை விலகச் சொன்னதும் தார்பாய், 'ஆய்வு', 'ஆலோசனை' என்று ஒரு நீண்ட பில் வந்தது; கூடவே பாக்கிக்காக வீட்டின் மீது உரிமைப் பற்று (லீன்) பதிவோம் என்ற மிரட்டல். உங்கள் பத்திரம் ஃபுளோரிடா சட்டப் பிரிவு 627.7152-ன்படி செல்லாது என்று எழுதி, தார்பாய்க்கு மட்டும் நியாயமான கூலியை அனுப்பினேன். அதன் பிறகு பேச்சில்லை.

சீலிங் விவகாரத்தை மாநில நிதிச் சேவைத் துறையின் சமரசத் திட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வீட்டுக்காரருக்குச் செலவில்லை, கட்டணம் கம்பெனியுடையது. உதவி எண் 1-877-693-5236. அங்கே கேட்ட முதல் கேள்வியே கிளைம் நம்பர்தான். அதனால் யார் என்ன சொன்னாலும் கிளைமை நீங்களே போட்டு, அந்த நம்பரை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கூரைக்காரரிடம் பேசுங்கள்.