தருமபுரியில் ஒரு சாலைக் கூட்டம்: விழுந்தவர்களைக் கணக்கில் சேர்ப்பது யார்?

இந்த முறை ஊருக்குப் போனதில் பெரும்பாலான வேலைகள் நல்லபடியாக முடிந்தன. பெங்களூரில் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வந்த பஸ், பேங்க் வேலை, அம்மாவின் கண் பரிசோதனை எதிலும் குறையில்லை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தருமபுரி டவுனை ஒட்டி இருக்கும் எங்கள் பகுதிச் சாலைக்காகப் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அஞ்சு மணி என்று சொல்லி ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். கொசுக்கடியில் எட்டரை வரை போனது. அதில் பாதி நேரம் ஒரே ஒரு வேகத்தடையைப் பற்றித்தான் பேச்சு.

பழைய ஆட்களுக்கு அந்த ரோடு நினைவிருக்கும். நான்கு ரோட்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வந்தால், இரண்டு பக்கமும் புளியமரம். அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை, மேலே நம்பர். வருடா வருடம் புளி ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் உலுக்குகிற நாளில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பொறுக்கித் தின்போம், யாரும் திட்டமாட்டார்கள். அகலப்படுத்துகிறோம் என்று மரங்களை எடுத்தார்கள். அகலமானது உண்மை. இப்போது ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் மெயின் ரோட்டைத் தவிர்த்து எங்கள் வழியாகவே பறக்கின்றன. பள்ளிக்கூடத்தின் எதிரே நடந்து போகிற பிள்ளைக்கு இன்று நிழலும் இல்லை, நடைபாதையும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் குழாய் பதிக்க வெட்டினார்கள். எங்கள் ஊரில் குழாய்க்காக ரோட்டை வெட்டினால் யாருக்கும் கோபம் வராது. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் காவி படிந்திருக்கும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்க முடிந்தது. வெட்டியது சரி. வெட்டிய பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டுப் போனதுதான் பிரச்சினை. மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கவில்லை என்றால் முதல் மழையிலேயே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது. தெரு நீளத்துக்கு ஒரு முழ அகலப் பள்ளம், மழை பெய்தால் அதில் தண்ணீர் நின்று ஆழமே தெரியாது.

டிப்பர் வேகத்துக்குப் பயந்து, வீடு கட்டி மிஞ்சிய காங்கிரீட்டைக் கொட்டித் தெருக்காரர்களே வளைவு முன்னால் ஒரு வேகத்தடை போட்டுக்கொண்டார்கள். செங்குத்தாக, கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். பெயின்ட் கிடையாது, பலகை கிடையாது. தெருவிளக்கு எரியாத இரவில் என் சித்தப்பா எக்செல் வண்டியில் வந்து அதில் ஏறி, தூக்கிப் போட்டு, பக்கத்துக் குழாய்ப் பள்ளத்தில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி இல்லை, போலீஸ் இல்லை, 108-க்கும் போன் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தெருக்காரர்கள் திரும்பத் திரும்பக் கொடுத்த மனுக்களுக்குப் பலனாகத்தான் இந்தக் கூட்டம். ரோடு போடுகிற துறையிலிருந்து ஒரு உதவிப் பொறியாளர், போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர், டிராஃபிக் போலீஸிலிருந்து ஒருவர், குழாய் போட்ட துறையிலிருந்து ஒருவர். தெருக்காரர்கள் அறுபது பேருக்குக் குறையாது. பாதிக்கு மேல் பெண்கள்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ரத்தம் கொதித்தது. "இந்த ரோடு யாருது?" என்பதிலேயே போய்விட்டது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, இதர மாவட்ட சாலை, ஊராட்சி சாலை, நகராட்சித் தெரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதிவேடு. ஒரே ரோட்டில் இந்த முனை ஒருவருக்கு, அந்த முனை இன்னொருவருக்கு, நடுவில் வெட்டிய பள்ளம் மூன்றாமவருக்கு. பள்ளம் மூடுவதற்கான பணத்தை ஒருவர் கட்டிவிட்டேன் என்கிறார். வந்து சேரவில்லை என்கிறார் மற்றவர். வரி கட்டுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? ரோட்டின் இரண்டு முனையிலும் பேர், நீளம், பராமரிக்கிற அலுவலகம், போன் நம்பர் எழுதி ஒரு பலகை வைத்தால் இந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பிரிட்டனின் வேல்ஸில் நான் இருக்கும் கார்டிஃபில் தெருச் சாலை என்றால் மாநகர கவுன்சில் ஒன்றுதான். பள்ளம் இருந்தால் வெப்சைட்டில் வரைபடத்தில் குறித்தால் போதும். பார்க்கிங்கிலோ வேக வரம்பிலோ மாற்றம் செய்ய நினைத்தால் முதலில் விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு கட்டி, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுப்பார்கள். அங்கேயும் குளிர்காலம் முடிந்தால் பள்ளம் நிறைய உண்டு. ஆனால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, ரோடு உயர்ந்துகொண்டே போவதைக் கேட்டார். மூன்று படி ஏறிப் போன எங்கள் வீட்டு வாசல் இன்று ரோட்டுக்குச் சமம். மழைத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அனுப்பிய உத்தரவை ஜெராக்ஸ் எடுத்தே கொண்டுவந்திருந்தார். பொறியாளர் மறுக்கவில்லை. "மில்லிங் மெஷின் இந்த வளைவுல திரும்பாது சார். ஜேசிபி வெச்சுச் சொரண்டிட்டுத்தான் போடுவோம், எஸ்டிமேட்லயே சேர்த்திருக்கேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

பிறகு வேகத்தடைக்கு வந்தது பேச்சு.

தெருக்காரர்கள் போட்டதை உடைத்தே ஆக வேண்டும் என்றார் பொறியாளர். ஒரே கூச்சல். "உடைங்க, நாளைக்கே ஒரு புள்ள மேல டிப்பர் ஏறும், அப்ப வருவீங்களா?" என்று ஒரு அக்கா அழுதேவிட்டார். பொறியாளர் முப்பது வயதுக்காரர். குரலை உயர்த்தவில்லை. வகுப்பறையிலிருந்து சாக்பீஸ் வாங்கி வந்து வராந்தாத் தரையில் படம் போட்டார். இந்திய சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. 50-ல் வருகிறவனுக்கு முதுகுத்தண்டில் அடிக்கும். "நீங்க போட்டது குத்துக்கல்லு மாதிரி. ஆறு சக்கரக்காரன் அது மேல ஏறிப் போயிடுவான், ரெண்டு சக்கரக்காரன்தான் விழுவான்" என்றார்.

கீரை விற்கும் பாட்டி ஒருவர் படத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையால் அகலத்தை அளந்து பார்த்துக் கேட்டார்: "ஏன் கண்ணு, இம்மாம் அகலமா போட்டா டிப்பர்காரன் நிப்பானா?"

"நிக்க மாட்டாம் பாட்டி, மெதுவா போவான். நமக்கு அது போதும்."

"அப்ப வெள்ளக் கோடும் போட்டுக் குடு. ராத்திரியில தெரிய வேணாமா?"

கூட்டம் அந்தப் பாட்டியின் கேள்வியில்தான் அடங்கியது. இருபது வருடமாக எத்தனையோ தெருக்கூட்டம் பார்த்திருக்கிறேன். அதிகாரி தரையில் உட்கார்ந்து விளக்கியதை இப்போதுதான் பார்த்தேன். கார்டிஃபில் எனக்குப் புகார் எண் வரும், மின்னஞ்சல் வரும், வேலையும் நடக்கும். ஆனால் ரோடு போடுகிற பொறியாளரின் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வேல்ஸ் முழுக்கக் குடியிருப்புத் தெருக்களின் வழக்கமான வேக வரம்பு 2023 செப்டம்பர் 17-ல் 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது சுமார் 32 கிலோமீட்டராகக் குறைந்தது. அதை எதிர்த்து வேல்ஸ் நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் 4,69,000-க்கும் மேல் கையெழுத்து. காரில் போகிறவர்கள் மெதுவாகப் போகமாட்டோம் என்று போட்ட கையெழுத்து அது. நடந்து போகிற எங்கள் தெருக்காரர்கள் மெதுவாகப் போக வையுங்கள் என்று கும்பிடுகிறார்கள். பயந்து பயந்து ரோட்டைக் கடக்கும் பாட்டியை அந்த மனுக்காரர்கள் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

சிக்னல், எச்சரிக்கை விளக்கு கேட்டபோதுதான் டிராஃபிக் அதிகாரி அந்த வார்த்தையைச் சொன்னார்: "இது பிளாக் ஸ்பாட் இல்லீங்க." அடிக்கடி விபத்து நடக்கும் இடம் என்று பொருள். அதற்கு மத்திய அரசின் வரையறை இருக்கிறது. சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருடத்தில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்பு. அது நெடுஞ்சாலைகளுக்கான அளவு. தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரிகளின் கதை நமக்குத் தெரியும், அங்கே அந்தக் கணக்கு பொருந்தும். "அப்ப அஞ்சு பேரு அடிபட்டாத்தான் லைட்டா?" என்று வாத்தியார் கேட்டார். அதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடிபட்டவங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லயே" என்றார்.

சித்தப்பா கட்டுப் போட்ட கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் விழுந்தது எங்கேயும் பதிவாகவில்லை. அந்த வளைவில் யாரெல்லாம் விழுந்தார்கள் என்று அங்கேயே கேட்டதில் கை தூக்கியவர்களை எண்ண எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, கட்டுப் போட்டு, வீட்டுக்குப் போனவர்கள். அரசின் பார்வையில் அந்த ரோட்டில் யாரும் விழவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் ரோட்டைப் பார்த்துப் புலம்பிவிட்டு வருகிற நம்மவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது வண்டியிலிருந்து விழுந்தால் அடி சின்னதாக இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்க வையுங்கள். எழுந்து நிற்க முடியாத அடி என்றால் 108-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், அந்த அழைப்பே பதிவுதான். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. நெடுஞ்சாலைத் துறையின் ரோட்டில் பள்ளம் இருந்தால் 2023-ல் வந்த 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு போடலாம். மற்ற எதற்கும் முதல்வரின் உதவி எண் 1100. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பொறியாளர் டேப்போடு தெருவுக்கு வந்துவிட்டார். சுண்ணாம்பில் இடம் குறித்தார், பழைய மேட்டை அன்றைக்கே உடைத்தார்கள். புதியதைப் போடத்தான் நாள் இழுத்தது. நான் விமானம் ஏறும்வரை வரவில்லை. இடைப்பட்ட நாட்களில் தெருப் பையன்கள் மணல் நிரப்பிய டிரம்களில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி வளைவில் நிறுத்தினார்கள். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

இப்போது வேகத்தடை வந்துவிட்டது. வாத்தியார் ஸ்கேல் வைத்து அளந்து 10 சென்டிமீட்டர் சரியாக இருக்கிறது என்று தங்கையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளைக் கோடு இன்னும் போடவில்லை. பல ரோடுகளுக்குச் சேர்த்து ஒரே கான்ட்ராக்ட் என்கிறார்கள். குழாய்ப் பள்ளத்தில் ஜல்லி நிரப்பியாயிற்று, தார் பாக்கி. மளிகைக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து, விழுந்தவர் பேர், தேதி, நேரம், எந்த இடம், எங்கே வைத்தியம் என்று எழுதி வருகிறார்கள். முதல் வரியில் சித்தப்பா. வரும் திங்கள்கிழமை மனுவோடு அந்த நோட்டின் ஜெராக்ஸும் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறது.