பரணா, தரையா? வில்லோடு மானுக்குக் காத்திருப்பவர் எங்கே உட்கார வேண்டும்

போன மாதம் மேடிசனிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஐ.டி. வேலை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டார், கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லும் வாங்கிவிட்டார். "அண்ணா, எல்லாரும் மரத்துல ஏறுன்னுதான் சொல்றாங்க. எனக்கு ஏணியில நாலு படி ஏறினாலே கால் நடுங்குது. தரையில உட்கார்ந்து மான் அடிக்கவே முடியாதா?"

முடியும் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் எப்போது முடியும், எதை விட்டுக்கொடுத்தால் முடியும் என்பதை போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. இரண்டு வழியிலும் பதினோரு வேட்டைப் பருவம் உட்கார்ந்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

இந்த உலகமே புதிதாக இருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவில் உரிமம், பருவம், எத்தனை மான் என்பதையெல்லாம் மாநில அரசே வகுத்து நடத்துகிறது. விஸ்கான்சினில் வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை போகும். வேட்டை வெள்ளைவால் மானுக்கு. நான் போவது மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், பனியாறுகள் தொடாமல் விட்ட மலைப்பகுதிக்கு. செங்குத்தான சரிவுகள், மேலே ஓக் காடு, கீழே மக்காச்சோளமும் குதிரைமசாலும். இந்த நிலத்தை மனதில் வைத்துப் படித்தால்தான் நான் சொல்வது பொருந்தும்.

மரத்தில் கட்டும் இருக்கையை இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள். நமக்குப் பரண் என்ற சொல்லே போதும். தினைப்புனத்துப் பரண் கிளிகளின் கண்ணில் பட்டு விரட்டுவதற்கு. இந்தப் பரண் மானின் கண்ணில் படாமல் இருப்பதற்கு. வழக்கமாக 15 முதல் 20 அடி உயரத்தில் இருக்கும்.

சிலர் தரை வேட்டையை மரம் ஏற முடியாதவர்களின் மாற்று வழியாக நினைக்கிறார்கள். இந்த நாட்டில் இன்றைய வில் வேட்டையே தரையிலிருந்துதான் தொடங்கியது. 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தார் இஷி. யாஹி என்ற பூர்வகுடி இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதர். சான் பிரான்சிஸ்கோவில் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷி ஓர் இலையை மடித்து உதட்டில் வைத்து, குட்டிமான் கத்துவது போல ஒலி எழுப்பி, புதரோரம் காத்திருப்பாராம். 1916-இல் அவர் காசநோயில் இறந்தார். போப் எழுதி வைத்ததால் அந்த வித்தை பரவியது. 1934-இல் விஸ்கான்சின் வில்லுக்கென்றே தனி மான் பருவம் திறந்தது. பரண் பரவலானது இதற்கெல்லாம் வெகு காலம் பிறகு.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

கண்ணும் மூக்கும்

மானுக்கு ஆரஞ்சும் சிவப்பும் மங்கலாகத்தான் தெரியும். நீலம் நன்றாகத் தெரியும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். அசைவைப் பிடிப்பதில் அதற்கு இணை கிடையாது. வில் வேட்டையில் தவிர்க்க முடியாத ஒரு பெரிய அசைவு இருக்கிறது: நாணை இழுப்பது. துப்பாக்கிக்கு ஒரு விரல் அசைந்தால் போதும். வில்லுக்கு முழங்கை, தோள், முதுகு எல்லாம் அசைய வேண்டும், அதுவும் மான் இருபது கெஜத்துக்குள் நிற்கும்போது.

இந்த ஒரு சிக்கலுக்குப் பரண் நல்ல தீர்வு, அதில் சந்தேகமே இல்லை. மானின் கண்மட்டத்துக்கு மேலே போய்விட்டால் நூறு தப்புக்கு எழுபது மன்னிக்கப்படும். தூரத்திலேயே மான் வருவது தெரியும், எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். ஒரு பருவத்தில் எத்தனை முறை நாண் இழுக்க வாய்ப்பு வருகிறது என்று எண்ணினால் எனக்குப் பரணில்தான் அதிகம்.

ஆனால் மூக்கு விஷயத்தில் பரணைப் பற்றி இருக்கும் நம்பிக்கை பாதிதான் சரி. உயரத்தில் இருந்தால் நம் வாடை தலைக்கு மேலே போய்விடும் என்கிறார்கள். சமதளத்தில், நல்ல காற்றடிக்கும் நாளில் அது ஓரளவு உண்மை. மலைச்சரிவில் கதையே வேறு. காலையில் வெயில் ஏற ஏறச் சரிவுக் காற்று மேலே போகும். சாயங்காலம் குளிர்ந்ததும் அதே காற்று தண்ணீர் போலப் பள்ளத்துக்கு இறங்கும்.

காற்றுப் பார்க்க நான் வைத்திருப்பது மில்க்வீட் காயின் பஞ்சு. நம் எருக்கஞ்செடியின் சொந்தக்காரச் செடி அது, எருக்கம்பஞ்சு மாதிரியே விதையோடு பறக்கும். ஓர் அக்டோபர் சாயங்காலம் 20 அடிப் பரணிலிருந்து ஒன்றை விட்டேன். முப்பது கெஜம் நேராகப் போனது, அப்புறம் மெதுவாக இறங்கி, மான்கள் நடக்கும் தடத்தின் மேலேயே ஒரு நாணல் தூரில் போய் ஒட்டிக்கொண்டது. கால் மணி நேரம் கழித்து ஒரு பிணைமான் அந்தத் தடத்தில் வந்தது. பஞ்சு இறங்கிய இடத்துக்கு வந்ததும் நின்றது. மூக்கைத் தூக்கியது. முன்னங்காலால் தரையை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. என்னை அது பார்க்கவே இல்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு சீறல், வெள்ளை வால் விரிந்தது, போய்விட்டது. உயரம் என் வாடையை மறைக்கவில்லை, கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய் இறக்கியது, அவ்வளவுதான்.

சரிவில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேட்டிலிருந்து இறங்கி வரும் மானுக்கு, கீழே 20 அடி உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் நேர் கண்மட்டத்தில் இருப்பார். ஏறிய உயரம் அத்தனையும் வீண். வேட்டை அதிகம் நடக்கும் காடுகளில் மான்கள் தலையைத் தூக்கி மரத்தைப் பார்க்கவும் பழகியிருக்கின்றன.

தரையில் இருப்பவருக்குக் காற்றுதான் எல்லாம். காற்று தப்பாக இருந்தால் அன்றைக்கு அங்கே உட்காரக் கூடாது. ஆனால் அவரால் ஒன்று செய்ய முடியும்: முக்காலியைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி தள்ளிப் போகலாம், இரண்டு நிமிட வேலை. பரண்காரருக்கு அந்த நாற்பது அடியில் இன்னொரு நேரான மரம் வேண்டும், இருட்டில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். பெரும்பாலோர் "இருக்கட்டும், பார்க்கலாம்" என்று அதே இடத்தில் உட்கார்ந்து கெடுத்துக்கொள்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அம்பு போகும் கோணம்

எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. மானை அடித்தோம் என்பது பெருமையே இல்லை, அது துன்பப்படாமல் சில நொடிகளில் விழ வேண்டும். அதற்கு அம்பு இரண்டு நுரையீரல்களையும் துளைக்க வேண்டும்.

20 அடிப் பரணிலிருந்து 20 கெஜத்தில் நிற்கும் மானுக்கு அம்பு ஏறத்தாழ 18 பாகைச் சரிவில் போகும். பரவாயில்லை. அதே மான் மரத்தடிக்கு வந்து 5 கெஜத்தில் நின்றால் சரிவு 50 பாகையைத் தாண்டும். புதியவர்கள் இதை லட்டு மாதிரி வாய்ப்பு என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் ஆபத்தானது. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் கிழித்து வெளியேறிவிடலாம். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். பல நேரம் கிடைக்காமலே போகும். பரணில் உட்கார்ந்தால் அந்த மானைப் பத்து கெஜமாவது தள்ளிப் போக விடும் பொறுமை வேண்டும்.

தரையில் அம்பு மானின் நெஞ்சுக்கு ஏறக்குறைய மட்டமாகப் போகும். பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு இரண்டு நுரையீரலும் ஒரே கோட்டில் இருக்கும். குறி வைப்பதில் குழப்பம் குறைவு. பரணுக்குச் சாதகமாகவும் இரண்டு உண்மைகள் உண்டு. மேலிருந்து புகுந்த அம்பு கீழே வெளியேறுவதால் இரத்தம் நன்றாக வடியும், தடம் பார்ப்பது சுலபம். மட்டமாகப் போன அம்பில், கொஞ்சம் மேலே பட்டுவிட்டால் இரத்தம் உள்ளேயே தேங்கி, வெளியே சொட்டு சொட்டாகத்தான் இருக்கும். அப்புறம், பரணிலிருந்து தவறிய அம்பு மண்ணில் குத்தி நிற்கும். தரையிலிருந்து தவறியது நேரே பறந்துகொண்டே இருக்கும். பின்னால் மேடு இருக்கிறதா, வீடோ பாதையோ இருக்கிறதா என்று பார்க்காமல் எய்யவே கூடாது.

தூரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே கணக்கு. அம்பு நொடிக்குச் சுமார் 290 அடி போகும், நாணின் ஓசை 1,100 அடி. இருபது கெஜத்தில் அம்பு சேருவதற்குள் ஓசை காதில் விழுந்து, மான் பாயத் தயாராகி உடம்பைத் தாழ்த்த நேரம் இருக்கிறது. ஆகவே எங்கே உட்கார்ந்தாலும் கிட்டத்தில் வரட்டும். தரையில் கூடுதல் தொல்லை, இடையில் இருக்கும் சுள்ளிகள். ஒரு விரல் தடிமன் கிளை அம்பைத் திசைமாற்றிவிடும்.

விழுவது

பரணில் உயிர்ப் பயம் என்றால் அது விழுவதுதான். பெரும்பாலும் ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும் நடக்கும். மேலே உட்கார்ந்த பிறகுதான் ஹார்னஸை, அதாவது உடம்பைப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையை மாட்டுபவர், வேண்டிய நேரத்தில் அது இல்லாமல் இருக்கிறார். மரத்தில் மேலிருந்து கீழ்வரை கட்டிய உயிர்க்கயிற்றில் தரையிலிருந்தே மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வில்லைக் கையில் பிடித்து ஏறாமல், உட்கார்ந்த பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். விழுந்து ஹார்னஸில் தொங்கினாலும் அசையாமல் தொங்கக் கூடாது, தொடைப்பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுத்து மயக்கம் வரும். கால் ஊன்ற ஒரு வார்ப்பட்டை சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

என் பரணின் வார்ப்பட்டைகளை இரண்டு குளிர்காலம் மரத்திலேயே விட்டிருந்தேன். மூன்றாம் வருடம் மேடையில் கால் வைத்ததும் ஒரு பக்கம் அரை அடி சட்டென்று இறங்கியது. மரம் பருத்துப் பட்டையை இறுக்கியிருந்தது, அணில் கடித்த அடையாளமும் இருந்தது. கயிற்றில் மாட்டியிருந்ததால் மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நிற்க முடிந்தது. இறங்கி வந்தபின் கை நடுக்கம் அடங்க வெகு நேரம் ஆனது. அதற்குப் பிறகு எந்தப் பரணையும் நான் பருவம் தாண்டி மரத்தில் விடுவதில்லை.

தரையில் விழப் பயமில்லை, ஆனால் உண்ணி உண்டு. கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும், இந்த மாநிலத்தில் அது நிறைய. துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்து உலர்த்திப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். செப்டம்பர் கதகதப்பில் மட்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், நவம்பரிலும் ஏறும்.

தரை என்றால் எந்தத் தரை?

பாப்-அப் பிளைண்ட் என்ற கூடாரம் ஒரு வகை. உள்ளே கறுப்பு, நாமும் கறுப்புச் சட்டை போட்டு, பின்பக்க ஜன்னலை மூடி உட்கார்ந்தால் நாண் இழுப்பது வெளியே தெரியாது. காற்றும் குளிரும் குறையும். ஒரே நிபந்தனை, பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே வைத்து, கிளைகளைச் சாத்தி, மான்களைப் பழக்கிவிட வேண்டும். என் மகளை முதன்முதலில் அழைத்துப் போனது இதற்குள்தான். நாலு குட்டிமான்கள் பத்து கெஜத்தில் மேய்ந்தபோது "அப்பா, மூச்சு விடுற சத்தம் கேட்குது" என்றாள் காதோரம். இருபது அடி உயரத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையை உட்கார வைத்திருக்க மாட்டேன்.

இன்னொரு வகை கூடாரமே இல்லாதது, எனக்குப் பிடித்தது. இரண்டு வருடம் முன்பு, நவம்பர் முதல் வாரம், கூடல் பருவம். காற்றில் சாய்ந்த ஒரு பெரிய ஓக்கின் வேர்க்கட்டி ஆள் உயரத்துக்கு நின்றது. அதில் முதுகைச் சாய்த்து முக்காலியில் உட்கார்ந்தேன். காலடியில் சருகைத் தள்ளி வெறும் மண்ணாக்கி வைத்திருந்தேன், கால் அசைந்தால் சத்தம் வரக் கூடாது. ஆண்மான் ஒன்று மூக்கைத் தரையில் உரசியபடி வந்தது. பதினாலு கெஜம். அதன் கண் எனக்குத் தெரிந்துகொண்டிருந்த வரை நான் சிலை. ஒரு பாஸ்வுட் மரத்தின் பின்னால் அதன் தலை மறைந்த அந்த இரண்டு நொடியில் நாணை இழுத்தேன். மறுபக்கம் வந்து நின்றபோது அதன் மூக்கில் ஒட்டியிருந்த ஈர இலைத்துணுக்கு கூடத் தெரிந்தது. ஐம்பது கெஜம் ஓடி விழுந்தது. அதே இடத்தில் அதற்கு முன் மூன்று மான்களிடம் நான் மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதை எடுப்பது? சமதளக் காடு, நேரான மரங்கள், ஒரே தடத்தில் மான்கள் நாள்தோறும் வரும் இடம், உயரம் பழகிய உடம்பு என்றால் பரண். அங்கே தரையில் உட்காருவது வீண் பிடிவாதம். செங்குத்துச் சரிவு, காற்று சுழலும் பள்ளம், மரமே இல்லாத வயலோரம், பிள்ளையோடு போகும் நாள், ஏறப் பயப்படும் உடம்பு என்றால் யோசிக்காமல் தரை. எனக்கு இரண்டும் கிடைத்தால் இப்போதெல்லாம் தரையைத்தான் எடுக்கிறேன். வாய்ப்பு குறைவு, ஆனால் கிடைக்கும் வாய்ப்பில் அம்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரிகிறது.

தம்பிக்கு இந்த வருடத்துக்குச் சொன்னது இவ்வளவுதான்: மரம் வேண்டாம். ஆகஸ்டிலேயே வயலோரத்தில் பிளைண்டை வைத்துவிடுங்கள். வீட்டுப் பின்புறத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடியே எய்து பழகுங்கள், நின்று பழகியது அங்கே உதவாது. பதினைந்து கெஜத்துக்கு மேல் எய்ய வேண்டாம். மில்க்வீட் காய் முற்றியதும் ஒரு டப்பா நிறையப் பஞ்சு எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன், வந்து வாங்கிக்கொள்வார்.