பிராண்டா, அசெம்பிளா, ரீஃபர்பிஷ்டா? நெல்லையில் கம்ப்யூட்டர் வாங்கும் முன்

கல்லூரிச் சேர்க்கை முடிகிற ஜூன், ஜூலை மாதங்களில் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, ஜங்ஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். "ஐ5 ஒன்று வேண்டும் அண்ணாச்சி, எவ்வளவு ஆகும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஏமாற்ற நினைக்கிற கடைக்காரருக்கு இந்தக் கேள்வியைவிட வசதியானது வேறில்லை. ஐ5 என்பது கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரில், இன்டெல் நிறுவனத்தின் ஒரு வரிசை. 2011-இல் வந்த ஐ5-2400-உம் ஐ5 தான். 2022-இல் வந்த ஐ5-12400-உம் ஐ5 தான். முன்னதற்கு நான்கு கோர், அதாவது கணக்குப் போடும் நான்கு பகுதிகள். பின்னதற்கு ஆறு கோர், ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலைகளை ஓட்டும் பன்னிரண்டு திரெட். இரண்டுக்கும் இடையே பதினோரு ஆண்டு. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் ஒன்றிரண்டு இலக்கங்களே தலைமுறையைச் சொல்லும்: 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அந்த எண்ணைச் சொல்லாத விளம்பரத்தையும், சொல்லத் தயங்குகிற கடையையும் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இன்று நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: இணையச் சந்தையில் பெயர் தெரியாத விற்பனையாளரிடம் கிடைக்கும் 'ஃபுல் செட்', உள்ளூர்க் கடையில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்வது, டெல், எச்பி, லெனோவோ போன்ற பிராண்டு டெஸ்க்டாப், கம்பெனிகளிலிருந்து கழித்து வந்து, சரிபார்த்து மறுபடி விற்கும் ரீஃபர்பிஷ்டு.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து' என்று மலிவான விலை போட்டிருப்பார்கள். (ராம் என்பது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், எஸ்எஸ்டி என்பது கோப்புகளைச் சேமிக்கும் இடம்.) விவரத்தைக் கடைசி வரை இறக்கிப் படித்தால் எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 ராம் என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். எச்61 என்பது மதர்போர்டில் பாகங்களை இணைக்கும் சிப்செட்; 2011-ஆம் ஆண்டில் வந்தது. போர்டு பார்க்கப் புதிதாக இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பது பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பிராசசர். அந்த 4 ஜிபி கிராபிக்ஸ் பெரும்பாலும் 2014-இல் வந்த ஜிடி 730 ஆக இருக்கும். இன்றைய பிராசசருக்குள்ளேயே வருகிற கிராபிக்ஸைவிட அது பெரிதாக எதையும் செய்துவிடாது. விற்றவர் டெல்லியில் இருந்தால், பழுதானதும் அங்கே கூரியர் அனுப்ப வேண்டும். இந்த வழி யாருக்கும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உள்ளூரில் அசெம்பிள் செய்வதில் நல்லதும் கெட்டதும் கடைக்காரரைப் பொறுத்தது. நல்ல கடை அமைந்துவிட்டால் இதற்கு இணையில்லை. வீட்டுக்கு வாங்கும் பிராண்டு டெஸ்க்டாப்புக்குப் பெரும்பாலும் மொத்தமாக ஓராண்டு வாரண்டி என்றால், இங்கே பாகத்துக்குப் பாகம் தனி வாரண்டி. பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி பிராசசருக்கு மூன்றாண்டு. நல்ல எஸ்எஸ்டிக்கு மூன்றோ ஐந்தோ ஆண்டுகள். ஆனால் பெட்டியில்லாமல் 'ட்ரே' பிராசசர் போட்டால் இன்டெல் உங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லாது. விற்ற கடைதான் சொல்ல வேண்டும். கடை இருக்கும் வரைதான் அந்த வாரண்டியும் இருக்கும். அதனால் பிராசசர் பெட்டியைக் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியை வீட்டுக்கும் கொண்டு வாருங்கள்.

அதிகம் கோளாறு நடக்கிற இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கும் பவர் சப்ளை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் பக்கத்து ஊர்களில் மொத்தக் கம்ப்யூட்டரையும் காப்பதும் அதுதான், பழுதானால் கூடவே மற்றதையும் இழுத்துக்கொண்டு போவதும் அதுதான். ஆனாலும் கொட்டேஷனில் அதற்கு ஒரு வரி கூட இருக்காது. 'கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று, பாகங்களை வைக்கும் வெளிப்பெட்டியான கேபினட்டோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். அதைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே சிறிய கட்டத்தில் +12V என்பதற்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். 450 வாட் என்பது அட்டையில் மட்டும். உண்மையான 450 வாட் சப்ளையில் அந்த ஒரு வரியே ஏறக்குறைய முழு அளவைக் காட்டும். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான '80 பிளஸ்' முத்திரையும் இருந்தால் இன்னும் நம்பலாம். கேபினட்டோடு வருவதைத் தள்ளிவிட்டு இதைத் தனியாக வாங்குவதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

கேபினட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வீட்டுக்குள் வரை மண் வந்து படியும். விளக்கு மின்னும் கண்ணாடிக் கேபினட்டைவிட, முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை உள்ள எளிய கேபினட்டே நமக்கு ஏற்றது.

பிராண்டு டெஸ்க்டாப்பில் ஏமாற்று குறைவு. உள்ளே இருப்பது என்னவென்று சீரியல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். பல மாடல்களில் அசல் விண்டோஸும் சேர்ந்தே வருகிறது. வாரண்டி தொடங்கிய தேதியையும் அங்கேயே பாருங்கள். நெடுநாள் குடோனில் கிடந்த பெட்டி என்றால் வாரண்டியில் சில மாதங்கள் முன்பே ஓடியிருக்கக்கூடும்; பில்லைக் காட்டித் தேதியைத் திருத்தச் சொல்லலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு இரண்டும் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவு, தனி இணைப்பு. நான்காம் ஆண்டில் எஸ்எம்பிஎஸ் போனால் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. ஆள் உங்கள் இடத்துக்கே வந்து பழுதுபார்க்கும் 'ஆன்-சைட்' சேவை உண்டு என்று சொன்னால், உங்கள் ஊர்ப் பின்கோடுக்கு அது உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பாளையங்கோட்டைக்கு வருகிற ஆள் திசையன்விளைக்கும் வருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. வங்கி, பள்ளி அலுவலகம், ஆடிட்டர் அலுவலகம் ஆகியவற்றுக்கு மூன்றாண்டு ஆன்-சைட் உள்ள பிசினஸ் மாடல் சரியான தேர்வு. வீட்டுக்கு, அந்த விலைக்கு அசெம்பிள் செய்வதே மேல்.

ரீஃபர்பிஷ்டு என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ, கையில் பணம் குறைவாக உள்ள குடும்பத்துக்கு நான்கு வழிகளிலும் இதுதான் நேர்மையானது என்று தோன்றுகிறது. கம்பெனிகளில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு வரும் ஆப்டிபிளெக்ஸ் (டெல்), திங்க்சென்டர் (லெனோவோ), எலைட்டெஸ்க் (எச்பி) போன்ற மாடல்கள் பாடுபட்டு உழைக்கும்படி செய்தவை. 'புதிது' என்று சொல்லி விற்கும் எச்61 செட்டைவிட, 'பழையது' என்று ஒப்புக்கொண்டு விற்கும் இவை பெரும்பாலும் பல ஆண்டுகள் பின்னால் வந்தவை, அதாவது புதியவை.

ஆனால் இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசசர் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் ஏழாம் தலைமுறைக் கம்ப்யூட்டர்களைக் கம்பெனிகள் கழித்துவிடுகின்றன. அவை கடைகளில் வந்து குவிகின்றன. ஆப்டிபிளெக்ஸ் 3050 ஆறு, ஏழாம் தலைமுறை. 3060 எட்டாம் தலைமுறை. எலைட்டெஸ்க் 800-இல் ஜி3 வேண்டாம், ஜி4 வேண்டும். வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. ஒரே ஓர் இலக்கம்தான். ஆனால் ஐ5-7500-க்கு நான்கு கோர், ஐ5-8500-க்கு ஆறு கோர். ஏழாம் தலைமுறையிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். கடையில் ஓடிக் காட்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் அப்டேட் வருமா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் ஏழாம் தலைமுறையையும் நல்ல விலைக்கு வாங்கலாம், தப்பில்லை.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஆன் செய்து, விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் முழு எண்ணையும் ராம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். எஸ்எஸ்டி புதிதென்று சொன்னால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அது ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதியதில் சில மணி நேரம்தான் காட்டும்; ஆயிரக்கணக்கில் காட்டினால் பேச்சே வேண்டாம். இதைச் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம். பிராண்டு மாடல்களுக்கு நான் சொன்ன எஸ்எம்பிஎஸ் குறை இதற்கும் உண்டு. ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்து வாரண்டி எழுதி வாங்குங்கள்.

விலையை நான் எண்ணாகச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. மெமரி விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக்கிடக்கிறது. நேற்றுக் கொடுத்த கொட்டேஷன் இன்று செல்லாது என்கிறார்கள். இதைச் சாக்காக வைத்து, சொன்ன ராமை மாற்றி வேறொன்றைப் போடும் வேலையும் நடக்கக்கூடும். இதற்கு மருந்து பில்தான். 'பில் போட்டால் 18 சதவீதம் கூடும்' என்று சொல்லி, எஸ்டிமேட் சீட்டில் 'ஐ5 செட் - 1' என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை எந்தச் சேவை மையமும் ஏற்காது. ஒவ்வொரு பாகத்தின் பெயரும், மாடலும், சீரியல் எண்ணும் உள்ள ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். வரியைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், அம்பாசமுத்திரத்துக்காரர் திருநெல்வேலி நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு வந்தால் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பில்லின் நகல், விளம்பரத்தின் படம், டாஸ்க் மேனேஜர் திரையின் படம் மூன்றையும் மனுவோடு இணையுங்கள். விளம்பரத்தை வாங்கும் அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். புகார் போன பிறகு அது அந்தப் பக்கத்தில் இருக்காது.