பழைய நாடகம், புதுக் குரல்: பிராட்வே ரிவைவல் ஆல்பங்களோடு பல வருடங்கள்

பிராட்வே ரிவைவல் ஆல்பம் எதையாவது வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பி, வாத்தியக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். யார் நடித்திருக்கிறார்கள் என்பது அப்புறம். சிடி காலத்திலிருந்து இன்றைய ஸ்ட்ரீமிங் வரை இந்த ஆல்பங்களைக் கேட்டு வரும் எனக்குக் கடைசியில் மிஞ்சிய ஒரே உருப்படியான விதி இதுதான்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயிலோ லண்டனிலோ ஓர் இசைநாடகம் மேடையேறினால், அதில் நடிப்பவர்களையே ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய்ப் பாடல்களைப் பதிவு செய்வார்கள். அது காஸ்ட் ஆல்பம். அதே நாடகத்தை இருபது, முப்பது வருடம் கழித்து வேறு இயக்குநர், வேறு நடிகர்களோடு மறுபடி போடுவது ரிவைவல். அதற்கும் தனியாக ஓர் ஆல்பம் வரும். இருக்கிற பாட்டையே எதற்கு இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்குகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். கச்சேரி கேட்கிற வீட்டில் இந்தக் கேள்வியே வரக் கூடாது. ஒரே தோடிக் கீர்த்தனையை அரியக்குடி பாடியும் எம்.டி. ராமநாதன் பாடியும் கேட்டவர்களுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

இன்னொரு காரணமும் உண்டு. முதல் பதிவுகளில் பல அரைகுறையானவை. பாடியவர்கள்மேல் குற்றமில்லை, இசைத்தட்டில் இடம் போதவில்லை. 'ஓக்லஹோமா!' 1943 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் தொடங்கியது. இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளையே நிறுத்தி வைத்திருந்த சமயம் அது. டெக்கா நிறுவனம் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்த பிறகு, அந்த வருடக் கடைசியில்தான் ஆல்பம் வெளிவந்தது. ஆறு தட்டுகள், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் அடங்காதது வெளியே நின்றது. அப்படி நின்ற பாட்டுகளில் ஒன்று 'லோன்லி ரூம்'. பண்ணையாள் ஜட், தன் இருட்டறையில் உட்கார்ந்து மனதைத் திறக்கிற பாட்டு. 1945இல் வந்த இரண்டாவது தொகுப்பில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் பாடியவர் ஆல்ஃப்ரெட் டிரேக். அவர் நாடகத்தில் கர்லி, அதாவது கதாநாயகன். வில்லனின் புலம்பலை ஹீரோவே பாடிவிட்டுப் போய்விட்டார்!

அந்தப் பாட்டை 2019 ரிவைவலில் கேளுங்கள். டேனியல் ஃபிஷ் இயக்கியது. ஜட்டாகப் பாடுபவர் பேட்ரிக் வெய்ல். குரலை உயர்த்தாமல், யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலப் பாடுகிறார். பயமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. 1943இல் இருபத்தெட்டுப் பேர் வாசித்த இடத்தில் இங்கே ஏழே பேர்: பேஞ்சோ, மேண்டலின், அக்கார்டியன், பெடல் ஸ்டீல் கிடார், வயலின் என்று ஒரு கிராமத்துக் கல்யாண வீட்டுக்கு வந்த கோஷ்டி. டேனியல் க்ளூகர் எல்லாவற்றையும் அவர்களுக்காகத் திருப்பி எழுதியிருக்கிறார். பழைய ஆல்பத்தில் ஊறியவர்களுக்கு முதலில் இது ஒட்டாது. சில வாரம் விட்டுவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் வேறு நாடகம் கேட்கிற மாதிரி இருக்கும். ஊரே சேர்ந்து ஒருத்தனை ஒதுக்குகிற கதை இது என்று எனக்கு உறைத்தது இந்த ஏழு பேர் வாசிப்பில்தான். ஏடோ ஆனி என்ற விளையாட்டுப் பெண்ணாகப் பாடும் அலி ஸ்ட்ரோக்கருக்கு இந்த வேடத்துக்காக, பிராட்வேயின் பெரிய விருதான டோனி கிடைத்தது. சக்கர நாற்காலியில் இயங்கும் நடிகர் ஒருவர் டோனி வாங்கியது அதுவே முதல் முறை. அவர் பாட்டில் உள்ள குறும்பு நூறு தடவை கேட்டாலும் தீராது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது 2008இல் லிங்கன் சென்டர் போட்ட 'சவுத் பசிஃபிக்'. பார்ட்லெட் ஷெர் இயக்கம், கெல்லி ஓஹாராவும் பாவ்லோ சோட்டும். 1949க்குப் பிறகு அந்த நாடகம் பிராட்வேக்குத் திரும்பியதே அப்போதுதான். இங்கே எதையும் குறைக்கவில்லை. ராபர்ட் ரஸ்ஸல் பென்னட் முதல் தடவை எழுதிய வாத்திய அமைப்பை அப்படியே எடுத்து, முப்பது பேரை உட்கார வைத்தார்கள். தொடக்க இசை நடந்துகொண்டிருக்கும்போது மேடைத் தளமே பின்னால் நகர்ந்து, கீழே வாசித்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டுமாம். சிடியில் அதைப் பார்க்க முடியாதுதான். ஆனால் நல்ல ஸ்பீக்கரில், தந்தி வாத்தியங்கள் விரிந்துகொண்டே போகிற இடத்தில் ஏதோ திறக்கிறது என்பது காதுக்குத் தெரிகிறது.

1949 ஆல்பமும் என்னிடம் இருக்கிறது. மேரி மார்ட்டினும் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவின் எட்சியோ பின்சாவும் பாடியது. நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுகள் புதிதாக வந்திருந்த நேரத்தில் 69 வாரம் முதலிடத்தில் இருந்தது. பின்சாவின் கனத்த குரலுக்கு முன் சோட் கொஞ்சம் இளசாகத் தெரிவார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மார்ட்டினை விட ஓஹாராவை நான் அதிகம் போடுகிறேன். மார்ட்டின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பாடுகிறார். ஓஹாரா பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வது போலப் பாடுகிறார். முதல் மேடையேற்றத்துக்கு முன்பே வெட்டப்பட்ட 'மை கேர்ள் பேக் ஹோம்' பாட்டும் இதில் திரும்பி வந்திருக்கிறது. சின்னப் பாட்டுதான். நாடகத்தில் வரும் இளம் ராணுவ அதிகாரி லெப்டினன்ட் கேபிள் எங்கிருந்து வந்தவன், எதற்குப் பயப்படுகிறான் என்று புரிய அது போதும்.

ஒரு நடைமுறைக் குறை: இந்த ஆல்பத்தை மின்சார ரயிலில் கேட்காதீர்கள். மெதுவான இடங்கள் அவ்வளவு மெதுவானவை. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த பித்தளை வாத்தியம் காதைக் கிழிக்கும். வீட்டுக்கான ஆல்பம் இது.

பழிவாங்கக் கொலை செய்யும் முடிதிருத்துபவனின் கதையான 'ஸ்வீனி டாட்' விஷயத்தில் என் விதிக்கு நல்ல சோதனை. 1979 ஆர்சிஏ பதிவு இரட்டை எல்பி. லென் கேரியூ, ஏஞ்சலா லான்ஸ்பரி. ஜோனதன் டியூனிக்கின் வாத்திய அமைப்பு. அதோடு போட்டி போடுவதே கஷ்டம். 2005இல் ஜான் டாயில் போட்டியே போடவில்லை. இங்கிலாந்தில் நியூபரி பக்கத்து வாட்டர்மில் என்ற சின்ன அரங்கில் தொடங்கிய அவருடைய முறையில், மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியில் யாரும் கிடையாது. நடிகர்களே வாசிக்க வேண்டும். பிராட்வேயில் பத்துப் பேர். பாட்டி லுபோன் பாடாத நேரத்தில் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதினார். இப்படிச் சுருக்கி எழுதிய சாரா டிராவிஸுக்கு டோனி கிடைத்தது. இந்த ஆல்பத்தில் கொலைக்கு முன் வருகிற அமைதி பழையதில் இல்லாதது. ஒரு செல்லோ இழுக்கிறது, யாரோ மூச்சு விடுகிறார்கள், அவ்வளவுதான். 2023இல் ஜோஷ் குரோபனும் ஆனலீ ஆஷ்ஃபோர்டும் வந்தபோது டியூனிக்கின் பழைய அமைப்பும் இருபத்தாறு பேர் கொண்ட குழுவும் திரும்பின. ஒலிப்பதிவு அருமை, 1979இல் மங்கலாகக் கேட்ட அடிவரிகள் எல்லாம் துலக்கமாகக் கேட்கின்றன. குரோபன் குரல் அழகாக இருக்கிறது, ஒரு கொலைகாரனுக்குத் தேவைக்கு மேலேயே. ஆஷ்ஃபோர்டின் நகைச்சுவைக்காகத்தான் நான் இதை எடுக்கிறேன்.

அப்படியானால் பெரிய குழு அல்லது மிகச் சிறிய குழு, இரண்டும் சரி. நடுவில் நிற்பவைதான் என் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. பெரிய பெயருள்ள நட்சத்திரம், பதினைந்து பதினாறு வாத்தியம், மிச்சத்துக்குக் கீபோர்டு. பெயர் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. நீங்களே கேட்டால் கண்டுபிடித்துவிடுவீர்கள். வயலின் வரிசை வர வேண்டிய இடத்தில் வழவழவென்று ஏதோ ஒன்று ஓடும். 2003 மார்ச்சில் பிராட்வே வாத்தியக்காரர்கள் சில நாள் வேலைநிறுத்தம் செய்தது இந்தக் கணக்குக்காகத்தான். பெரிய அரங்குகளில் குறைந்தபட்சம் இருபத்துநான்கு முதல் இருபத்தாறு பேர் என்று இருந்தது, அதன் முடிவில் பதினெட்டு, பத்தொன்பது என்று இறங்கியது. ஆல்பங்களில் அது கேட்கிறது.

'ஃபாலீஸ்' பற்றி ஒரு வார்த்தை. 1971இல் கேப்பிட்டல் நிறுவனம் அதை ஒற்றை எல்பியில் திணித்தது. பாட்டுகளைப் பாதியில் நறுக்கினார்கள். சிலவற்றை அறவே விட்டார்கள். அந்தக் கோபம் தீரத்தான் 1985இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கோடு ஒரு கச்சேரியே நடத்திப் பதிவு செய்தார்கள். அப்புறம் 2011 ரிவைவல் ஆல்பம் இரண்டு சிடியாக, இருபத்தெட்டுப் பேர் வாசிக்க, வசனத்தோடு வந்தது. நாடகத்தைப் பார்க்காதவர்களுக்கு முதலில் இதைத்தான் தருவேன். வசனம் முதல் இரண்டு மூன்று தடவைக்கு உதவும். அதற்குப் பிறகு பெர்னடெட் பீட்டர்ஸ் பாடத் தொடங்கும் வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. பாட்டைத் தனி டிராக்காகப் பிரித்திருந்தால் தப்பிக்கலாம். எல்லா ஆல்பங்களிலும் அந்த வசதி இல்லை.

ஸ்ட்ரீமிங்குக்கு மாறியவர்கள் கவனிக்க வேண்டிய சிலது. பெயரைத் தேடினால் அதே தலைப்பில் சினிமா, பழைய நடிகர் குழு, லண்டன் குழு, யாரோ கரோக்கிக்காக வாசித்தது எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். நாடகத்தின் பெயரோடு வருடத்தையும் முக்கியப் பாடகர் பெயரையும் சேர்த்துத் தேடுவதுதான் வழி. ஷஃபிளை அணைத்து வையுங்கள். டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓடவைக்கும் அமைப்பு உங்கள் செயலியில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு இசை வழுக்கிப் போகிற இடத்தில் டக்கென்று ஓர் ஓட்டை விழும். நான் சேமித்து வைத்திருந்த ஓர் ஆல்பம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனது. பிறகு வேறு அட்டையோடு திரும்பி வந்தது, கடைசி இரண்டு கூடுதல் பாட்டுகள் இல்லாமல். அதனால் மிகவும் பிடித்தவற்றைச் சிடியாகவே வைத்திருக்கிறேன். அதில் வரும் சின்னப் புத்தகமும் ஒரு காரணம். எல்லாப் பாட்டின் வரிகளும், நடுவில் என்ன நடக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். 'ஸ்வீனி டாட்', 'ஃபாலீஸ்' இரண்டுக்கும் இசையும் வரிகளும் எழுதிய ஸ்டீஃபன் ஸாண்டைமின், பாட்டு வரிகளை வேகமாகத் துப்புகிற நாடகங்களுக்கு அது இல்லாமல் முடியாது. கடையிலிருந்து வந்த பெட்டிகளில் பாதிக்குக் கீல் உடைந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

ரிவைவல் தோற்றுப்போகிற இடங்களும் உண்டு. 'ஜிப்ஸி'க்கு எத்தனையோ ஆல்பங்கள் வந்தாயிற்று, முக்கிய வேடமான அம்மா ரோஸாகப் பாடியவர்கள்: லான்ஸ்பரி, டைன் டேலி, பெர்னடெட் பீட்டர்ஸ், பாட்டி லுபோன், இமெல்டா ஸ்டான்டன். நடிப்பில் ஒவ்வொருவரும் ஒரு படி மேலே போகிறார்கள். ஆனாலும் 1959இல் எத்தல் மெர்மன் தொண்டையைத் திறந்த மாத்திரத்தில் அத்தனை பேரும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது.

'மெரிலி வி ரோல் அலாங்' அதைவிடச் சிக்கல். மூன்று நண்பர்களின் கதை, நாற்பது வயதுக் கசப்பில் தொடங்கி இளமைக்குப் பின்னோக்கிப் போகும். 1981இல் பதினாறே காட்சிகளில் மூடப்பட்டு, மறுநாள் அதில் நடித்த இளைஞர்கள் ஸ்டுடியோவில் கூடிப் பாடிய ஆல்பம் அது. அந்த நாடகத்தை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்ததும் அந்த ஒரு தட்டுதான். 2023 ரிவைவலில் ஜோனதன் கிராஃப், டேனியல் ராட்கிளிஃப், லின்ட்ஸே மென்டஸ் மூவரும் நண்பர்களாகவே நம்ப வைக்கிறார்கள். பழையதில் அந்த வயசுப் பிள்ளைகளால் நாற்பது வயதுக் கசப்பைக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் இடையில் நாடகத்தையே திருத்தி எழுதியிருக்கிறார்கள். 'ரிச் அண்ட் ஹேப்பி' போய் 'தட் ஃபிராங்க்' வந்துவிட்டது, 'தி ஹில்ஸ் ஆஃப் டுமாரோ'வும் போய்விட்டது. அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வழியில்லை. தொடக்க இசையைப் பழையதில் கேட்டுவிட்டு, பாட்டுகளுக்குப் புதியதற்குப் போவது என் வழக்கம்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் 'சவுத் பசிஃபிக்' 2008, பிறகு 'ஓக்லஹோமா!' 2019. இரண்டையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். 'ஸ்வீனி டாட்' 2005ஐக் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுவது நல்லது.